வாய் மூடிய படம்

பென்னாகரம் வட்டார வள மையத்தில்
ஒரு படிவம் கொடுத்தார்கள்.
இணையத்தில் கிடைப்பதையெல்லாம்
பாடத்துக்கு ஆகுமா என்று மதிப்பிட வேண்டுமாம்.
ஐந்து கட்டங்கள், கட்டத்துக்கு ஐந்து மதிப்பெண்.
தேநீரும் மிக்சரும் முடிந்ததும்
பயிற்றுநர் ஒன்றை நிரப்பிக் காட்டினார்:
இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு.
அந்த ஒன்று எங்கே போனது என்று
யாரும் கேட்கவில்லை.

எனக்கு வாய்த்தது
பெரிய எழுத்தாளரின் தன்வரலாற்றில் நான்கு பக்கம்.
பன்னிரண்டாம் வகுப்பு, மூன்றாம் இயல்.
அதில் இப்படி வருகிறது:
"எங்கள் கிணற்றுத் தண்ணீர் இனிக்கும்.
அதற்கான விலையை இன்றும் கொடுத்துவருகிறேன்.
எந்தப் புகைப்படக்காரர் கேட்டும் நான் சிரித்ததில்லை."

ஏரியூரில் இரவு பத்தரைக்குத்தான் சிக்னல்,
அதுவும் மொட்டைமாடியில்,
தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றால்.

முதல் காணொளி பன்னிரண்டு நிமிடம்.
வணக்கத்துக்கும் மணியை அழுத்தச் சொல்வதற்கும் நான்கு.
விலை என்றால் தாய்மண்ணுக்குப் பட்ட கடன் என்றார்.
அவர் முதுகுக்குப் பின்னால்
சம்பந்தமில்லாமல் ஓர் அருவி விழுந்துகொண்டிருந்தது.
அடுத்தது ஓர் அகாடமியின் பி.டி.எஃப்.
சிரிக்காதது தன்னடக்கம். ஐந்து மதிப்பெண் வினா, மிக முக்கியம்.
மூன்றாவது அதையே திருடி வைத்திருந்தது;
தன்னடக்கம் அங்கே 'தன்னடகம்'.
கடைசியாக ஒரு பேராசிரியர்:
நிலம் இழந்த தன்னிலையின் மௌனம்,
நாற்பது பக்கம், எழுபத்தொரு அடிக்குறிப்பு.
பாதிதான் புரிந்தது.
ஆனாலும் ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

நான் நாகூர்க்காரி. இங்கே வந்து எட்டு மாதம்.
இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூச்சம் அதிகம்,
சிரிப்பு வந்தால் கையால் பொத்திக்கொள்கிறார்கள் என்று
அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறேன்.
அழகாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பிரிவேளை.
மாதேஸ்வரி அந்த வரிகளைப் படித்து நிறுத்தினாள்.
பின்வரிசையில் யாரோ
"பல்லு" என்றார்கள்.
அவ்வளவுதான்.
முப்பத்தெட்டு தலைகள் ஆடின.
"என்ன பல்லு?" என்றேன்.

மாதேஸ்வரி வாயிலிருந்து கையை எடுத்தாள்.
துரு நிறத்தில் கோடுகள்,
இடையிடையே சுண்ணாம்புத் திட்டு.
"போர் தண்ணி மிஸ். குடிக்க நல்லாத்தான் இருக்கும்.
எங்கப்பாவுக்கு முட்டியே மடங்காது.
தம்பிக்கு ஒண்ணுமில்ல,
அவன் ஒகேனக்கல் குழாய் வந்தப்புறம் பொறந்தவன்.
போட்டோன்னா ஈன்னு இளிப்பான்."
வகுப்பு சிரித்தது.
சிலர் கையில்லாமல்.

அன்றிரவு தொட்டிக்குப் பக்கத்தில் நின்று
எழுத்தாளரின் படங்களை மட்டும் தேடினேன்.
விருது வாங்குகிறார், ரயில் ஏறுகிறார்,
பேரப்பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிறார்.
எல்லாவற்றிலும் உதடு தைத்தது போல.
ஒரே ஒரு படத்தில்
பக்கத்தில் இருப்பவர் ஏதோ வேடிக்கை சொல்லியிருக்கிறார்,
இவர் விரல்கள் வாய்க்குக் குறுக்கே.
கீழே எழுதியிருந்தது: ஆழ்ந்த சிந்தனையில்.

இதுவும் ஆதாரம் ஆகாது.
அந்த நான்கு பக்கத்தில் பல் என்ற சொல்லே கிடையாது.
பின்வரிசை தப்பாகவும் இருக்கலாம்;
தங்கள் வாயை அவர் முகத்தில்
ஒட்டிப் பார்த்திருக்கலாம்.
பேராசிரியருக்குப் போட்ட ஐந்தை அடித்தேன்.
நான்கு என்று எழுதி, அதையும் அடித்தேன்.
படிவத்தில் ஒரு கட்டம் கேட்கிறது:
உள்ளூர்ச் சூழலுக்குப் பொருந்துகிறதா?
அதை இதுவரை
எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று நிரப்பியிருந்தேன்.

மறுநாள் வராண்டாவில் மாதேஸ்வரி மறித்தாள்.
"பரீட்சைக்கு எதை எழுதறது மிஸ்?
பல்லா, தன்னடக்கமா?"
திருத்துகிறவர் எந்த ஊரோ, என்றேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
"நீங்க திருத்தினா?"